அழிப்பதும் அருள்தானா?

காலடிப்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில், மூலவரான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்தான் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறக்கும். அப்போது புனுகுத் தைலம் சாத்துவார்கள். சுவாமி புற்று வடிவானவர் என்பது தலத்தின் நம்பிக்கை. புற்று மண்ணைத் தினந்தோறும் நீராட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கரையக்கூடிய ஒன்றைக் காப்பாற்ற அதன்மேல் நாம் செய்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவு, அங்கே வழிபாட்டு முறையாகவே நிலைத்துவிட்டது. அந்த முடிவுக்குப் பின்னால் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. மனிதன் தனக்கு முக்கியமானவற்றையெல்லாம் தேயக்கூடிய பொருள்களில்தான் எழுதி வைக்கிறான்: ஓலையில், கல்லில், உடம்பில், மனத்தில். எழுதியது நிலைக்க வேண்டுமானால் சேர்த்துக்கொண்டே போக வேண்டுமா, விட்டுவிடவும் வேண்டுமா? விடுவதும் அழிப்பதும் காப்பதற்குப் பகையா, துணையா?

சைவ சித்தாந்தம் இதற்குத் துணிவான விடை ஒன்று வைத்திருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தும் இறைவன் செயல். அந்த ஐந்துமே அருள்தான் என்பது அதன் கொள்கை. படைப்பதையும் காப்பதையும் அருள் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் தயக்கமில்லை. அழிப்பது எப்படி அருளாகும்? 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்கு ஒரே சொல்லில் பதில் தருகிறார்: இளைப்பாற்றல். பிறந்து, உழைத்து, நுகர்ந்து, இறந்து, மறுபடியும் பிறந்து களைத்துப்போன உயிர்களுக்கு ஓய்வு கொடுப்பதே அழித்தல். படிப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் துயரத்துக்குச் சொல்லும் வெறும் ஆறுதலாகவே பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். இது ஆறுதலுக்குச் சொன்னது மட்டுமன்று, தேயக்கூடிய எந்த ஊடகத்துக்கும் பொருந்தக்கூடிய உண்மை என்பதே என் வாதம். இதற்குச் சான்று தேடித் தத்துவ நூல்களுக்குள் போக வேண்டியதில்லை. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் மெமரி கார்டு போதும்.

மெமரி கார்டு, பென் டிரைவ், கைப்பேசி, எஸ்.எஸ்.டி. எல்லாவற்றின் உள்ளேயும் இருப்பது ஃபிளாஷ் மெமரி. அதன் அடிப்படையான மிதக்கும் கேட் அமைப்பை 1967இல் பெல் ஆய்வகத்தில் டவோன் காங், சைமன் சே இருவரும் கண்டார்கள். தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் மெமரியை அறிவித்தார். இன்று எங்கும் பரவியிருக்கும் நாண்ட் வகை 1987இல் வந்தது. ஒவ்வொரு செல்லிலும் சுற்றிலும் அடைத்துவைத்த ஒரு சிறு அறை உண்டு. அதற்குள் எலெக்ட்ரான்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதே அங்கு எழுதப்பட்ட செய்தி. அந்த அறையின் சுவர் 10 நானோமீட்டருக்கும் குறைவான தடிமன் உள்ள சிலிக்கான் ஆக்சைடு. சுவர் இருப்பதால்தான் மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து நிற்கிறது. ஆனால் எழுதுவதற்கு அதே சுவரின் வழியாகத்தான் எலெக்ட்ரான்களை உயர் மின்னழுத்தத்தில் உள்ளே தள்ள வேண்டும். அழிப்பதற்கும் சுமார் 20 வோல்ட் கொடுத்து அதே வழியாக வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சில எலெக்ட்ரான்கள் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் சுவரிலேயே சிக்கிக்கொள்கின்றன. சுவர் சிறுகச் சிறுகப் பழுதாகிறது. ஒரு நாள் எழுதியதைப் பிடித்துவைக்க முடியாமல் போகிறது. இன்னொரு விதியும் உண்டு. எழுதிய இடத்தின்மேல் நேராக மறுபடியும் எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அதுவும் ஒரு செல்லை மட்டும் அழிக்க முடியாது, பல நூறு பக்கங்கள் கொண்ட ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும்.

இந்தப் பொருளில் அதிகம் திணிக்க முயன்றபோது நடந்ததைப் பார்க்க வேண்டும். ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்தால் சுமார் 1,00,000 முறை எழுதி அழிக்கலாம். இரண்டு பிட் வைத்தால் அது 3,000 முதல் 10,000 வரை இறங்கிவிடுகிறது. மூன்று பிட் என்றால் ஏறத்தாழ 1,000 முதல் 3,000. நான்கு பிட் என்றால் ஆயிரத்தை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ. ஒரு பிட்டுக்கு இரண்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். நான்கு பிட்டுக்குப் பதினாறு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நிலைகளுக்கு இடையிலான வெளி குறையக் குறையச் சிறு தேய்மானமும் எழுத்தைக் குழப்பிவிடுகிறது. வேகமும் குறைகிறது, அவ்வளவு நுணுக்கமாக எழுத நேரம் பிடிப்பதால். அப்படியிருந்தும் இன்றைய எஸ்.எஸ்.டி.கள் வேகமாகவும் பல ஆண்டு உழைப்பவையாகவும் இருக்கின்றனவே, எப்படி? செல் வலுவானதால் அன்று. செல் முன்பைவிட நலிந்துதான் இருக்கிறது. அதை ஆளும் கன்ட்ரோலர் ஒரு ஒழுங்கைக் கற்றுக்கொண்டது. எழுதும் பாரம் ஒரே இடத்தில் விழாமல் எல்லாச் செல்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. பயனருக்குக் காட்டாமல் ஒரு பகுதியைக் காலியாகவே வைத்திருக்கிறது. புதிதாக வருவதை முதலில் ஒரு பிட் முறையில் விரைந்து எழுதிக்கொண்டு, வேலை ஓய்ந்திருக்கும் நேரத்தில் நெருக்கமாக அடுக்கிவைக்கிறது. காலி இடம் தீர்ந்துபோன டிரைவ் திடீரென்று ஊர்ந்து செல்வது இதனால்தான்.

இவற்றில் மிக முக்கியமானது டிரிம் என்னும் கட்டளை. நாம் ஒரு கோப்பை டிலீட் செய்யும்போது, பழைய முறையில் ஆபரேட்டிங் சிஸ்டம் தன் அட்டவணையில் மட்டும் அதை அடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். டிரைவுக்கு அது தெரியாது. யாருக்கும் வேண்டாத அந்தக் கோப்பை அது இன்னும் செல்வம்போலக் காத்துக்கொண்டிருக்கும். பிளாக்கைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் அதை வேறோர் இடத்துக்குச் சிரத்தையாக நகலெடுக்கும். அந்த நகல் ஒவ்வொன்றும் சுவரைத் தேய்க்கும். டிரிம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: 'இது இனி வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறது. அந்த ஒரு சொல்லால் வேகமும் கூடுகிறது, ஆயுளும் கூடுகிறது. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021இன் தொடக்கத்தில் நடந்தது சான்று. டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அந்தக் கார்களின் திரையை இயக்கிய கணினியில் இருந்தது 8 ஜி.பி. ஃபிளாஷ், 3,000 முறை எழுதி அழிக்கத் தாங்கும் என்று கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு ஓட்டத்திலும் பதிவு மேல் பதிவு எழுதப்பட்டு, ஐந்தாறு ஆண்டுகளில் அதன் ஆயுள் முடிந்தது. பின்பக்கக் கேமராவின் படம்கூடத் திரையில் வராமல் போனது. யாரும் திரும்பிப் பார்க்காத பதிவுகள், ஓட்டுநருக்கு அன்றாடம் தேவையான நினைவைத் தின்றுவிட்டன.

இங்கே என் வாதத்தைச் சரியான அளவில் வைக்க விரும்புகிறேன். சிலிக்கானிலிருந்து சிவனை நிறுவ நான் முயலவில்லை. அழித்தல் அருள் என்ற கொள்கைக்கு எதிராகச் சொல்லப்படுவது ஒரு பொது விதி: காப்பது வேறு, அழிப்பது அதற்கு நேர்மாறு, இரண்டும் ஒரே நோக்கத்துக்கு உதவ முடியாது. பொது விதியை மறுக்க ஓர் எதிர்ச்சான்று போதும். தேயக்கூடிய, அளவுக்குட்பட்ட, எழுதப்படக்கூடிய ஒரு பொருளில் அழித்தல்தான் காத்தலைச் சாத்தியமாக்குகிறது என்று காட்டிவிட்டால் அந்த விதி விழுந்துவிடும். ஃபிளாஷ் அதைக் காட்டுகிறது. ஆகவே, அழிப்பவன் என்பதாலேயே ஒருவனைக் கொடியவன் என்று சொல்லிவிட முடியாது. அருணந்தியாருக்கு இந்த அளவு இடம் கிடைத்தாலே அவர் கொள்கையின் மீதி தன் காலில் நிற்கும்.

ஆனால் கூர்மையான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அது மின்னணுவியல் தெரிந்தவர்களிடமிருந்தே வரும். செல்லைத் தேய்ப்பதில் அழித்தலுக்கும் பங்கு உண்டு, அப்போதும் சுமார் 20 வோல்ட் கொடுக்கப்படுகிறது, பிறகு அதை எப்படி ஓய்வு என்பது? இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடும்போதுதான் சித்தாந்தத்தின் நுட்பமும் விளங்குகிறது. ஃபிளாஷில் தேய்மானத்தைக் குறைப்பது அழிக்கும் அந்தக் கணம் அன்று. அதற்குப் பின் வரும் இடைவெளி. எழுதி அழிக்கும் சுற்றுகளுக்கு நடுவே நேரம் கிடைத்தால், சுவரில் சிக்கிய மின்னூட்டத்தில் ஒரு பகுதி தானாகவே வெளியேறுகிறது. செல் ஓரளவு தேறுகிறது. ஓயாமல் எழுதப்படும் செல் சீக்கிரம் சாகிறது, இடைவெளி பெற்ற செல் நீடிக்கிறது. தைவானின் மேக்ரானிக்ஸ் நிறுவனத்தார் 2012இல் இதையே தீவிரமாக்கிக் காட்டினார்கள். செல்லுக்கு அருகிலேயே நுண்ணிய சூடேற்றியை அமைத்து, சில மில்லி விநாடிகள் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியபோது சுவர் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தச் செல் 10 கோடி முறைக்கும் மேல் எழுதி அழிக்கத் தாங்கியது. ஆய்வக அளவில் செய்து காட்டியதுதான் இது. ஆனாலும் தேய்ந்தது தேயாததாக முடியும் என்பதை அது நிறுவியது.

சித்தாந்தமும் சங்காரத்தை, அதாவது அழித்தலை, ஒரு கணத்து வெடிப்பாகப் பேசுவதில்லை. அது பேசுவது சங்காரத்துக்குப் பின் உள்ள ஓய்வு நிலையை. அதைவிட முக்கியமானது, அப்போது எல்லாமே அழிந்துவிடுவதாகவும் அது சொல்வதில்லை. ஒடுங்குபவை உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகியவைதான். உயிர் அழிவதில்லை, அதன் கன்மமும் அழிவதில்லை, மாயையில் வித்தாகக் கிடக்கிறது. ஃபிளாஷிலும் இரண்டு அடுக்கு உண்டு என்பதைக் கவனியுங்கள். எழுதிய செய்தி ஒன்று. எழுதியதால் சுவரில் தங்கிவிட்ட வடு மற்றொன்று. செய்தியை ஒரு நொடிக்குள் அழித்துவிடலாம். வடு அதனோடு அழிவதில்லை. பெருங்காயத்தைக் கொட்டிய பின்னும் டப்பாவில் மணம் நிற்பதைச் சொல்லி வாசனையை விளக்குவது நம் மரபு. சுவரில் சிக்கிய எலெக்ட்ரான்களும் அப்படிப்பட்டவைதான். செய்தியைத் துடைப்பதால் மட்டும் விடுதலை இல்லை, வடுவும் நீங்க வேண்டும், அதற்கு ஓய்வும் வெப்பமும் தேவை என்று பொறியாளர்கள் கண்டார்கள். உயிர்க்கு ஓய்வாகச் சங்காரத்தையும், வினை பக்குவப்படுவதற்கு அனுபவத்தையும் சித்தாந்தம் சொல்கிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இந்த இரண்டு அடுக்கையும் குழப்பிக்கொண்டவர்களுக்குத்தான் அழித்தல் கொடுமையாகத் தெரிகிறது என்கிறேன்.

இயந்திரத்துக்கு உணர்வில்லை, அதற்குக் களைப்பும் இல்லை, ஆகவே ஓய்வு என்பதே உருவகம்தானே என்று கேட்கலாம். செல்லுக்கு வலி இல்லை என்பது உண்மை. ஆனால் களைப்பு என்பதில் உணர்வு ஒரு பாதி, திறன் குறைதல் மறு பாதி. மறு பாதி செல்லிலும் இருக்கிறது, அளக்கவும் முடிகிறது. உணர்வுள்ள உயிருக்கு இரண்டு பாதியும் சேர்ந்து வருவதால் ஓய்வின் தேவை அங்கே கூடுமே தவிரக் குறையாது. தூக்கமே இல்லாமல் கற்றவன் கற்றதை இழக்கிறான் என்பதை ஒவ்வொரு மாணவனும் அறிவான்.

மூன்றாவது எதிர்வாதம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. அது தத்துவ அரங்கிலிருந்து வருவதன்று, இந்த வடசென்னைக் கடற்கரையிலிருந்து வருவது. 2017 ஜனவரி 28இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் பரவிய எண்ணெய்ச் சேற்றை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. படகும் வலையும் அலையாத்தியும் கறுத்தன. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியாக் கசிவு. இப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு மறப்பது நல்லது, அழிப்பது அருள் என்று பேசினால், அந்தப் பேச்சு யாருக்குப் பயன்படும்? மறக்கடிக்க விரும்புகிறவர்களுக்குத்தானே? இதைக் கேட்காமல் இந்தக் கொள்கையைப் போற்றுவது பொறுப்பற்ற செயல்.

பதில் கொள்கைக்குள்ளேயே இருக்கிறது. இளைப்பாற்றல் களைத்தவர்க்கு உரியது, களைக்க வைத்தவர்க்கு உரியதன்று. சங்காரத்தால் கன்மம் தள்ளுபடியாவதில்லை. செய்தவன் கணக்கு வித்தாகக் கிடந்து, மறு படைப்பில் அவனையே வந்து சேர்கிறது. ஆகவே சைவத்தின் அழித்தலை வைத்துக்கொண்டு ஒருவரும் தன் குற்றத்தை மறைக்க முடியாது. டிரிம் கட்டளையிலும் இந்த நெறி உண்டு. எது வேண்டாம் என்பதை டிரைவ் தானாக முடிவு செய்வதில்லை. செய்தி யாருடையதோ அவர்கள் பக்கமிருந்துதான் அந்தச் சொல் வர வேண்டும். வலை கறுத்த மீனவர் இது இனி வேண்டாம் என்று சொல்லாத வரையில், அந்த நினைவை அழிக்கும் உரிமை எந்த ஆலைக்கும் எந்த அலுவலகத்துக்கும் இல்லை. திருவொற்றியூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு பெயர் உண்டு. கோயில்களின் வருவாயில் கைவைத்து அரசன் அனுப்பிய ஓலையில் ஒற்றியூர் நீங்கலாக என்று வரிகளுக்கு நடுவே அவரே எழுதிச் சேர்த்தார் என்பது தல வரலாறு. அந்தக் கதையில் என்னைக் கவர்வது, எல்லாவற்றையும் அழிக்க வல்லவரே அரசன் எழுதியதை அழிக்கவில்லை என்பது.

அழிக்கக் கூடாத நினைவுக்கு அந்தக் கோயில் கல்வெட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்டான். அவனுக்கு நெருங்கியவராக இருந்த, கேரளத்தில் பிறந்த வீரர் ஒருவர், தாமும் உடன் சாகவில்லையே என்ற துயரத்தால் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு திருவொற்றியூர் மடத்தின் தலைவரானார். அவர் தம் தலைவனை மறந்துவிடவில்லை. மனம் என்னும் தேயும் சுவரில் தினமும் எழுதி எழுதி அழிந்துபோகாமல், அந்த நினைவை வழிபாடாகவும் நிவந்தமாகவும் மாற்றி வைத்தார். கல் அதை ஆயிரம் ஆண்டுக்கு மேல் சுமக்கிறது. அடிக்கடி எழுதுவது வேறு, ஆழ எழுதுவது வேறு. கல்லும்கூடத் தானாக நிலைப்பதில்லை. திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுத்தார்கள். பிறகு ராஜேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மறுபடியும் வெட்டினார்கள். பழைய சுவரை இடித்தார்கள் என்பதும், எழுத்தைக் காத்தார்கள் என்பதும் ஒரே செயலின் இரண்டு பக்கம். நல்ல கன்ட்ரோலர் செய்வதும் அதுதான்: நலிந்துவரும் பிளாக்கிலிருந்து செய்தியை முன்கூட்டியே வேறிடத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, பிறகே அந்தப் பிளாக்கை விட்டுவிடுகிறது.

ஆகவே அழித்தல் அருள் என்பது என் முடிவு. ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. களைத்தவருக்காக அழிக்க வேண்டும், உரியவர் சொல்லி அழிக்க வேண்டும், காக்க வேண்டியதைக் கடத்தி வைத்த பின்பு அழிக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அது வெறும் இழப்பு. இதில் கடைசி நிபந்தனையைத்தான் இன்று நாம் அதிகம் மீறுகிறோம் என்பதால் ஒரு வேண்டுகோள். மடங்களிலும் கோயில்களிலும் வீடுகளிலும் இருந்த ஏடுகளையும் பழைய கணக்குகளையும் படமெடுத்து, பென் டிரைவிலோ எஸ்.எஸ்.டி.யிலோ போட்டு, பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, காத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சாதாரணக் கணினிக்கான எஸ்.எஸ்.டி. தன் எழுதும் ஆயுளை முடித்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு செய்தியைப் பிடித்துவைத்தால் போதும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தர அளவு. புது டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் கூடக்கூட அந்தக் காலம் சுருங்கும், வடசென்னைக் கோடையில் பூட்டிய அறைக்கு 30 டிகிரி என்பது குளிர்ச்சி. அப்படி வைத்திருப்பவர்கள் இந்த மாதமே அதை எடுத்துக் கணினியில் சொருகிப் பாருங்கள்; ஹார்ட் டிஸ்க்கில் ஒரு படியும், வேறொரு ஊரில் இன்னொரு படியும் எடுத்துவையுங்கள்; படமெடுத்தாகிவிட்டது என்பதற்காக மூல ஏட்டை மட்டும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.